டீமேக்கர் ருசி பார்த்த மருந்து

போன மாதம் அரசாங்க கிளினிக்கில் வேலை பார்க்கும் இரண்டு நர்சுப் பிள்ளைகள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். ஆஸ்த்மாக்காரர்களை எல்லாம் ஒருநாள் கூட்டிவைத்து, மருந்தை எப்படி இழுப்பது என்று சொல்லிக்கொடுக்கப் போகிறார்களாம். அதில் அந்தக் காலத்து மருந்துகளைப் பற்றி நான் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். என்னைத் தெரிந்தவர்கள் யாரும் என்னிடம் பத்து நிமிடம் என்று சொல்ல மாட்டார்கள். பாவம், பிள்ளைகள் மலைக்குப் புதுசு.

"ஆன்ட்டி, அப்பல்லாம் இன்ஹேலரே இல்லியாமே. இழுப்பு வந்தா என்னதான் செய்விங்க?" என்று அதில் குட்டையாக இருந்தவள் கேட்டாள்.

"கதை சொல்லுவோம்லா" என்றேன்.

கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் பொய் சொல்லவில்லை. கூட்டத்தில் பேசி முடித்து, கைதட்டலும் வாங்கி, ஒரு பை ஸ்ட்ராபெரியோடு வீட்டுக்கு வந்த பிறகுதான் முக்கியமானதைச் சொல்லவே இல்லை என்று பட்டது. அதை இங்கே எழுதிவிடுகிறேன். எழுதும்போது யாரும் கடிகாரத்தைக் காட்ட மாட்டார்கள்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கீழ்நாட்டில் நர்ஸ் படிப்பு, வெள்ளை உடுப்பு, வாய் நிறைய திட்டு. கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தால் உலகமே அழிந்துவிடும் என்று நம்ப வைத்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் கம்போங் ராஜா என்ற மலையூருக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தேன். ஆஸ்பத்திரி என்று பெயர்தான் பெரிது. தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கட்டடம், நாலு கட்டில், ஒரு மருந்து அலமாரி. காலையில் ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்து கட்டிலில் உட்காரும். வந்த முதல் வாரம் மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடந்ததில் எனக்குக் 'கம்பளி மிஸ்ஸி' என்று பெயர் வந்தது. பிறகு எத்தனையோ பிரசவம் பார்த்தும் அந்தப் பெயர் போகவில்லை.

எனக்கு மேலே டிரெஸ்ஸர் சிவகுரு. தோட்டத்தில் டாக்டர் கிடையாது. டாக்டர் ஈப்போவிலிருந்து எப்போதாவது மலையேறி வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் டிரெஸ்ஸர்தான் எங்களுக்கு டாக்டர், கம்பவுண்டர், பல் பிடுங்குகிறவர், சண்டை விலக்குகிறவர் எல்லாம். ஆள் ஒல்லி. சட்டைக் காலர் எப்போதும் கத்தி மாதிரி நிற்கும். கோபம் வந்தால் குரலை உயர்த்த மாட்டார், தாழ்த்துவார். அவர் முணுமுணுக்க ஆரம்பித்தால் நான் மருந்து அறைக்குள் போய்விடுவேன்.

எங்கள் மலையில் இழுப்புக்குக் குறைச்சலே இல்லை. குளிர், தொழிலாளர் லயத்து வீட்டுக்குள் விறகுப் புகை, ஃபேக்டரியில் தேயிலைத் தூசி. அலமாரியில் இருந்தது கொஞ்சம்தான். எஃபெட்ரின் என்று ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. மூச்சைக் கொஞ்சம் திறந்துவிடும், ஆனால் தூக்கத்தையும் சேர்த்துத் திறந்துவிடும். எங்கள் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு, தூக்கம் வராமல், விடிவதற்குள் தன் வீட்டு விறகையும் பக்கத்து வீட்டு விறகையும் வெட்டி முடித்துவிடுவார். பக்கத்து வீட்டம்மா என்னிடம் வந்து, "மிஸ்ஸி, அவருக்கு அந்த மாத்திரய நிப்பாட்டிராதிங்க" என்று கேட்டுக்கொண்டது எனக்கு மறக்காது. இருமலுக்குப் பெரிய போத்தலில் பழுப்பு மிக்ஸ்சர். அது எதற்குக் கேட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கசப்பாக இருந்ததால் எல்லாருக்கும் அதன்மேல் மரியாதை இருந்தது. மூச்சு மிகவும் திணறினால் தோலுக்கு அடியில் அட்ரினலின். அதற்கும் அடங்காவிட்டால் நரம்பில் அமினோஃபிலின்.

இந்த அமினோஃபிலினைப் பற்றித்தான் அந்தப் பிள்ளைகளிடம் கதை என்று சொன்னேன். அந்த மருந்தை வேகமாக ஏற்றக் கூடாது. வேகமாக ஏற்றினால் நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், இதயமே நின்றுபோகவும் கூடும். டிரெஸ்ஸர் கண்ணாடி சிரிஞ்சை வெந்நீரில் கொதிக்க வைத்து, ஆற வைத்து, மருந்தை இழுத்து, அதோடு குளுக்கோஸ் தண்ணீரைக் கலந்து பெரிய சிரிஞ்சாக வைத்துக்கொள்வார். முழங்கைக்கு மேலே ரப்பர் குழாயைக் கட்டி, நரம்பைத் தட்டி, ஊசியை ஏற்றி, ரத்தம் ஒரு நூல் போல உள்ளே வருவதைப் பார்த்த பிறகு ரப்பரை அவிழ்ப்பார். அதற்கப்புறம்தான் வேலையே. கட்டை விரலை அழுத்துகிறாரா இல்லையா என்றே தெரியாது. அவ்வளவு மெதுவாகப் போகும். அந்தப் பக்கத்துக் கையில் நாடியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்த்தபடி நான் நிற்க வேண்டும்.

மூச்சு முட்டுகிறவனுக்குப் பயம்தான் பெரிய வியாதி. அவன் பயந்து கையை இழுத்தால் ஊசி நரம்பை விட்டு வெளியே வந்துவிடும். அதனால் டிரெஸ்ஸர் கதை சொல்லுவார். ஒரே கதை. தான் மலையடிவாரத்துத் தாப்பாவில் ஒரு பழைய காரை, எங்கள் பேச்சில் காடியை, வாங்கி, அதை மலைமேல் ஓட்டிக்கொண்டு வந்த கதை. ஊசி உள்ளே போனதும் காடி தாப்பாவில் கிளம்பும். மலை ரோட்டில் ஒவ்வொரு கோணலாக வளைந்து ஏறும். ரிங்லெட் வரும்போது பாதி சிரிஞ்ச் முடிந்திருக்கும். தானா ராத்தாவில் டிரெஸ்ஸர் தேத்தண்ணி குடிப்பார். பிரிஞ்சாங்கில் ஒரு போலீஸ்காரர் நிறுத்துவார். கியா பார்ம் ஏற்றத்தில் காடியை இறங்கித் தள்ளுவார்கள். கோலா தெர்லாவில் கோசு லாரி ஒன்று வழியை மறிக்கும். கம்போங் ராஜா வந்துவிட்டால் ஊசியை எடுத்துவிடலாம்.

நடுவில் நோயாளியின் முகம் வெளுத்தாலோ நாடி ஓடினாலோ நான் ஒரு விரலைத் தூக்குவேன். உடனே காடியின் எஞ்சின் கொதித்துவிடும். டிரெஸ்ஸர் ரோட்டோரத்தில் நிறுத்தி, ஓடையில் தண்ணீர் பிடித்து வந்து, ரேடியேட்டரில் ஊற்றுவார். அதுவரை கட்டை விரல் அசையாது. நான் விரலை இறக்கினால் காடி மறுபடி கிளம்பும். ஒரு காடி எத்தனை முறை கொதிக்கிறது என்பதை வைத்தே அந்த ஆளுக்கு எவ்வளவு மோசம் என்று லயத்தில் பேசிக்கொள்வார்கள். "நேத்து மூணு வாட்டி தண்ணி ஊத்துனாரு டிரெஸ்ஸரு" என்றால் பெரிய இழுப்பு என்று அர்த்தம். லேசான இழுப்புக்காரர்களுக்குப் பாதி சிரிஞ்சே போதும், ரிங்லெட்டுக்கு மேலே என்ன நடந்தது என்பதே தெரியாது.

முழுக் கதையும் மனப்பாடமாகத் தெரிந்தவர் தோட்டத்தில் ஒருவர்தான் இருந்தார். டீமேக்கர் வீராசாமி.

கொழுந்து உள்ளே வந்ததிலிருந்து தூளாகிப் பெட்டிக்குள் போகும் வரை எல்லாம் டீமேக்கர் பொறுப்பு. வீராசாமி அண்ணன் ஃபேக்டரியில் கூட்டிப் பெருக்குகிறவராகச் சேர்ந்து, அவருடைய மூக்கையும் நாக்கையும் பார்த்த ஒரு துரை மேலே ஏற்றிவிட, டீமேக்கர் ஆனவர். அந்த மூக்கைப் பற்றி அவருக்கு ரொம்பப் பெருமை. ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்ததும், "மிஸ்ஸி, இன்னைக்கு நெத்திலி சம்பலா?" என்பார். நான் கைகழுவி, வாய் கொப்பளித்து, டெட்டால் போட்டு அறையைத் துடைத்திருப்பேன். எங்கள் பழுப்பு மிக்ஸ்சரைக்கூட விட மாட்டார். ஒரு வாய் வைத்து, கண்ணை மூடி, "போன மாசத்து சரக்கு இதவிட நல்லா இருந்துச்சு. இதுல வாசம் இருக்கு, ஆனா பின்னுக்குப் பிடிப்பு இல்ல" என்று தரம் பிரிப்பார்.

அந்த மூக்குக்கும் நாக்குக்கும் கீழே இருந்த நெஞ்சுதான் கெட்டுப் போயிருந்தது. தேயிலையைச் சலிக்கும் அறையில் பஞ்சு போல ஒரு தூசி பறக்கும். வருஷக் கணக்கில் அதைக் குடித்தவர். எழுபதுகள் முடிவதற்குள் மாதத்தில் பல முறை எங்கள் கட்டிலுக்கு வர ஆரம்பித்தார். காடிக் கதையை அவ்வளவு தடவை கேட்டதில், மூச்சு திரும்பியதும் டிரெஸ்ஸரைத் திருத்துவார். "போன வாட்டி போலீஸ்காரன் மலாய்க்காரர்னு சொன்னிங்க, இப்ப சீக்கியர்ங்கிறிங்க." டிரெஸ்ஸர் குரலைத் தாழ்த்துவார். நான் மருந்து அறைக்குள் போய்விடுவேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில்தான் விசிட்டிங் டாக்டர் இன்ஹேலரைக் கொண்டுவந்தார். அவர் ஈப்போக்காரர், நிதானமான மனுஷர். இரண்டு வகை. ஒன்று, இழுப்பு வரும்போது உடனே திறந்துவிட சால்பியூட்டமால். இன்னொன்று, இழுப்பே வராமல் இருக்கக் காலையும் மாலையும் இழுக்க வேண்டிய ஸ்டீராய்டு. இரண்டாவதுதான் பெரிய விஷயம் என்று டாக்டர் எங்களுக்குப் பாடம் எடுத்தார். நோயாளிகள் யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. "மலை பூரா காத்து அடிக்குது, டப்பாவுல அடச்ச காத்து வேற வேணுமா?" என்று கேட்டார் விறகு வெட்டுகிற மண்டோர். ஊசி குத்தினால்தான் மருந்து. வலிக்காதது எப்படிக் கேட்கும்?

டாக்டர் போனபின், இழுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் வேலை டிரெஸ்ஸருடையது. மெதுவாக, ஆழமாக, மருந்து வெளியே வரும் அதே நேரத்தில் உள்ளே இழுத்து, மூச்சை அடக்க வேண்டும். இதைப் புத்தகத் தமிழில் சொன்னால் கொழுந்து எடுக்கிற அக்காமாருக்குப் புரியாது என்று டிரெஸ்ஸர் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"சூடா இருக்கிற தேத்தண்ணிய எப்படி உறிஞ்சுவிங்க? மங்குக் கோப்பைய வாயில வெச்சி, சுட்டுக்காம, மெல்லமா? அதே மாதிரி உறிஞ்சுங்க. உறிஞ்சி உள்ளுக்கு விட்டு அடக்குங்க."

நல்ல உபமானம்தான். எல்லாரும் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். மண்டோரே தலையாட்டினார். தேத்தண்ணியைத் தெரியாதவர் எங்கள் தோட்டத்தில் யார்? சில வாரத்தில் காடி தாப்பாவிலேயே நிற்க ஆரம்பித்தது. பலர் ஊசிக்கு வருவதே இல்லை. டிரெஸ்ஸருக்குச் சந்தோஷம்தான், ஆனால் கதை சொல்ல ஆள் இல்லாமல் கொஞ்சம் வாடியும் போனார்.

ஒரே ஒருவருக்கு மட்டும் கேட்கவில்லை.

வீராசாமி அண்ணன் ஒரு வேளை தவறாமல் மருந்து எடுத்தார். டப்பா தீர வேண்டிய கணக்குக்குத் தீர்ந்தது. குலுக்கிப் பார்த்து டிரெஸ்ஸரே ஒத்துக்கொண்டார். ஆனாலும் இழுப்பு அப்படியே இருந்தது. சொல்லப்போனால் கூடியது. ஃபேக்டரிப் படியேறி ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்வார். உதடு நீலம் பூத்திருக்கும். ஒருமுறை கோலா தெர்லாவில் காடி கொதித்ததும் நான் விரலை இறக்கவே இல்லை. நாடி அப்படி ஓடியது. டிரெஸ்ஸர் பேச்சை நிறுத்திவிட்டார். அறையில் அண்ணனுடைய இழுப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. இந்த மனுஷர் என் கையிலேயே போய்விடுவார் என்று அன்றைக்கு நிஜமாகவே பயந்தேன்.

அந்த முறை தப்பித்தார். அடுத்து வந்த டாக்டர் அவர் நெஞ்சைக் கேட்டார், தொண்டையைப் பார்த்தார். "ஸ்டீராய்டு இழுக்கிற மத்தவங்களுக்கெல்லாம் குரல் கம்மி இருக்கு. இவர் தொண்டை சுத்தமா இருக்கே" என்று மட்டும் ஆச்சரியப்பட்டார். பிறகு எங்களை வெளியே அழைத்தார்.

"டிரெஸ்ஸர், நல்ல மருந்துக்கே கேக்கலன்னா காரணம் ஃபேக்டரிதான். அந்தத் தூசியில வெச்சிக்கிட்டு நாம எதையும் செய்ய முடியாது. அடுத்த விசிட்ல இப்படியே இருந்தா, இவரை ஃபேக்டரிய விட்டு எடுக்கச் சொல்லி மேனேஜருக்குச் சொல்லிடுவேன்."

டாக்டர் சொன்னதில் தவறில்லை. நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் ஃபேக்டரியை விட்டு எடுத்தால் வீராசாமி அண்ணனுக்கு மிச்சம் என்ன? அவர் மனைவி சரசு அக்காவுக்கு அந்தச் சந்தேகம் இல்லை.

"வேல போனா போவட்டும் மிஸ்ஸி. குவாட்டர்ஸ் போனாலும் போவட்டும். லயத்துல ஒரு வீடு குடுக்க மாட்டாங்களா? எனக்கு ஆளு இருந்தா போதும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். பேச மூச்சு இல்லை, கோபம் மட்டும் இருந்தது. "வெளிய போயி... நான் என்னா பண்ணுவேன்? கேட்டுல காவலுக்கு ஜாகா இருக்கவா? இந்த நாக்க... வெச்சிக்கிட்டு?"

"நாக்கு நாக்குங்கிறிங்க. மூச்சு நின்னா நாக்கு மட்டும் வேல செய்யுமா?" என்றார் அக்கா.

இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யார் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேருக்குமாகப் பரிதாபப்பட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் ஃபேக்டரியில் இருந்த முதலுதவிப் பெட்டியைப் பார்க்கப் போனேன். பஞ்சு, பேண்டேஜ், டிங்சர் எல்லாம் இருக்கிறதா என்று அவ்வப்போது போய்ப் பார்ப்பது என் வேலை. பெட்டி டேஸ்டிங் அறையில் மாட்டியிருக்கும். உள்ளே அண்ணன் ருசி பார்த்துக்கொண்டிருந்தார். நீள மேசை, வரிசையாக வெள்ளைக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு தினுசுத் தேயிலையின் சாயம். காலடியில், அவரோடு நகர்ந்து வரும்படி சக்கரம் வைத்த துப்புத் தொட்டி.

டீமேக்கர் தேத்தண்ணி உறிஞ்சுவதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நாம் குடிப்பது போல இல்லை. கரண்டியில் கொஞ்சம் எடுத்து, உதட்டருகே வைத்து, 'ஸ்ர்ர்ப்' என்று ஒரு வெட்டு. துணி கிழிகிற சத்தம் கேட்கும். சாயம் பொடிப்பொடியாக வாய் முழுக்கத் தெறிக்க வேண்டும், அதற்காக. பிறகு இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டுவார். கண் பாதி மூடியிருக்கும். உடனே தொட்டியில் துப்பிவிடுவார். ஒரு சொட்டு முழுங்க மாட்டார். முழுங்கினால் அடுத்த கிண்ணம் தெரியாது.

ஸ்ர்ர்ப், உருட்டு, துப்பு. ஸ்ர்ர்ப், உருட்டு, துப்பு. நான் பெட்டியைத் திறந்து பஞ்சைத் தொட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், அதே வரிசையில், இன்ஹேலர் இருந்தது. காலை மருந்து. அண்ணன் அதை எடுத்தார். மூடியைக் கழற்றினார். முறையாகக் குலுக்கினார். வாயில் வைத்து அழுத்தினார்.

ஸ்ர்ர்ப்.

கன்னம் இந்தப் பக்கம் உப்பியது. அந்தப் பக்கம் உப்பியது. கண் பாதி மூடியது. பிறகு குனிந்து தொட்டியில் துப்பினார். ஒரு மடக்கு வெந்நீர் எடுத்து வாயையும் கொப்பளித்துத் துப்பினார்.

"இந்த டப்பா பரவால்ல மிஸ்ஸி. போன டப்பால கொஞ்சம் தகர வாசம் அடிச்சிச்சு" என்றார்.

என் கையிலிருந்த டிங்சர் போத்தல் கீழே விழாதது என் பெற்றோர் செய்த புண்ணியம்.

"அண்ணே, ஏன் துப்புனிங்க?"

"பின்ன முழுங்கவா சொல்றிங்க?"

"எப்பவும் துப்புவிங்களா?"

"ஆமாலா. டிரெஸ்ஸர்தான் சொன்னாரு, தேத்தண்ணி உறிஞ்சுற மாதிரி உறிஞ்சுன்னு. எனக்கா சொல்லித் தரணும் அத?" அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. வகுப்பில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி நின்றார்.

சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே தொடங்கியது என்று எனக்கே தெரியாது. மாதக் கணக்கில் டப்பா டப்பாவாக அந்த நல்ல மருந்தெல்லாம் ஃபேக்டரித் தொட்டிக்குள் போயிருக்கிறது. நெஞ்சுக்கு ஒரு துளிகூடப் போகவில்லை. உள்ளே தூசி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

அவரை அழைத்துக்கொண்டு டிரெஸ்ஸரிடம் போனேன். செய்து காட்டச் சொன்னேன். ஸ்ர்ர்ப், உருட்டு, துப்ப இடம் தேடி அண்ணன் திரும்பியபோது டிரெஸ்ஸர் தாமாகவே கை கழுவும் கிண்ணத்தை நீட்டினார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, வெகு நேரம் துடைத்தார். குரலைத் தாழ்த்தவில்லை.

தப்பு தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அதுதான் இல்லை. பாதி வாழ்க்கை உறிஞ்சிய வாய் அது. உதட்டில் எதையாவது வைத்தால் போதும், வெட்டி இழுத்துவிடும். "மெதுவா அண்ணே, மெதுவா" என்று நான் சொல்லச் சொல்ல, ஸ்ர்ர்ப். துப்பாமல் இருக்க அவர் வாயை டிரெஸ்ஸர் கையால் மூடிப் பார்த்தார். அண்ணன் முழுங்கிவிட்டார். டாக்டர் வருவதற்கோ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சரசு அக்கா தினமும் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு, "சாமான் கட்ட ஆரம்பிக்கவா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

வழியைக் கடைசியில் அண்ணனேதான் கண்டுபிடித்தார். ஃபேக்டரியில் உருட்டிய பச்சை இலையைப் பரப்பி வைத்து, அது பழுத்துச் செம்பு நிறத்துக்கு வரும்போது எடுத்து அடுப்புக்கு அனுப்ப வேண்டும். எப்போது எடுப்பது என்பதை மூக்குதான் சொல்லும். அண்ணன் இலைமேல் குனிந்து, மெல்ல, நீளமாக ஒரு மூச்சு இழுத்து, உள்ளேயே வைத்துக்கொண்டு யோசிப்பார். யோசித்து முடித்த பிறகுதான் விடுவார்.

"மிஸ்ஸி, ருசி பாக்குற மூச்சு வேற, பதம் பாக்குற மூச்சு வேற. நீங்க கேக்குறது ரெண்டாவதுதானே?" என்று மறுநாள் வந்து நின்றார். இன்ஹேலரை வாயில் வைத்து, மேசைமேல் இலை பரப்பியிருப்பது போலக் குனிந்து, மெல்ல இழுத்தார். அடக்கினார். எங்களுக்குத்தான் மூச்சு முட்டியது, அவ்வளவு நேரம் யோசித்தார். பிறகு விட்டார். சத்தமே வரவில்லை.

"என்னா ருசி?" என்று டிரெஸ்ஸர் கேட்டார்.

"ஒண்ணும் தெரியலியே" என்றார் அண்ணன், கவலையாக.

"அப்ப சரியா போயிருக்கு" என்றார் டிரெஸ்ஸர்.

ஆனால் அந்த மருந்து ஊசி மாதிரி உடனே கேட்காது, வாரக் கணக்கு ஆகும். டாக்டர் வந்த அன்று அண்ணன் நெஞ்சில் இழுப்பு இன்னும் இருந்தது. டாக்டர் கேட்டுவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு, பேனாவைத் திறந்தார். சரசு அக்கா கதவோரம் நின்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் டிரெஸ்ஸரைப் பார்த்தேன்.

டிரெஸ்ஸர் சிவகுரு தப்பை ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. காலர் நிமிர்ந்த மனுஷர். அன்றைக்கு டாக்டர் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"டாக்டர், இவர் மருந்து இழுக்க ஆரம்பிச்சே ரெண்டு வாரம்தான் ஆகுது. அதுக்கு முந்தி எல்லாத்தையும் துப்பிட்டாரு. துப்பச் சொல்லிக்குடுத்தது நான்."

"நீங்களா?"

டிரெஸ்ஸர் சொன்னார். தேத்தண்ணி உபமானத்தை, தொட்டியை, எல்லாவற்றையும். தப்பிக்க ஒரு கோணல்கூடப் போடாமல் நேராகச் சொன்னார். "மருந்து தோத்துப் போகல டாக்டர். என் பேச்சுதான் தோத்துப் போச்சு. அதுக்கு இவர் வேலைய எடுக்காதிங்க. இன்னொரு தவணை குடுங்க."

டாக்டர் கொஞ்ச நேரம் முகத்தை இறுக்கமாகவே வைத்திருந்தார். பிறகு தோள் குலுங்கியது. "அதான் தொண்டை சுத்தமா இருந்துச்சா!" என்று மேசையில் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்டிப்பாகவும் சொன்னார். சலிக்கும் அறைக்குள் அண்ணன் கால் வைக்கக் கூடாது, அங்கே வேறு ஆள் நிற்கட்டும். மற்ற இடத்தில் வாயையும் மூக்கையும் துணியால் கட்ட வேண்டும், பதம் பார்க்கும்போது மட்டும் அவிழ்க்கலாம். மருந்து இழுத்த பிறகு கொப்பளித்துத் துப்பட்டும், அதில் குறையே இல்லை. அடுத்த விசிட்டில் பார்ப்போம். பேனாவை மூடிவிட்டார்.

அடுத்த விசிட்டில் டாக்டர் நெஞ்சில் குழலை வைத்தார், முதுகில் வைத்தார், மறுபடி நெஞ்சில் வைத்தார். "மேனேஜருக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொன்னார். அண்ணன் ஃபேக்டரிப் படியில் எங்கும் நிற்காமல் ஏறி வர ஆரம்பித்தார். குரல் கொஞ்சம் கம்மிப் போனது. அதைக் கேட்டு எனக்கு உண்டான மகிழ்ச்சியை யாரிடமும் சொல்ல முடியவில்லை, பைத்தியம் என்பார்கள். டேஸ்டிங் அறையில் தொட்டி பழையபடி தேயிலைச் சாயம் மட்டும் குடித்தது.

கொஞ்ச நாள் கழித்துக் காலையில் சரசு அக்கா ஆஸ்பத்திரிக்குத் தனியாக வந்தார். கண் சிவந்து, முகம் வீங்கி இருந்தது.

"என்னாக்கா, அண்ணனுக்கு மறுபடியும் வந்துருச்சா?"

"அவுருக்கு ஒண்ணும் இல்ல மிஸ்ஸி. எனக்குத்தான். தூக்கமே வரல்ல."

உட்கார வைத்தேன். அக்கா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"கல்யாணம் ஆனதுலருந்து அந்த இழுப்பு சத்தம் கேட்டுத்தான் மிஸ்ஸி தூங்குவேன். சத்தம் கேட்டா ஆளு இருக்காருன்னு அர்த்தம். இப்ப ஒரு சத்தமும் இல்ல. திடீர்னு முழிப்பு வருது, நெஞ்சு அடிச்சிக்குது, போயிட்டாரோன்னு. மூக்குக்கிட்ட கைய வெச்சிப் பாக்குறேன்."

"நெஞ்சுமேல கைய வெச்சிக்கிட்டே தூங்குங்களேன்லா அக்கா" என்றேன்.

"வெச்சேனே! முழிச்சிக்கிட்டு, 'கைய எடு, காலையில இல பதம் பாக்கப் போவணும்'னு திட்டுறாரு மிஸ்ஸி" என்றார் அக்கா. சொல்லிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, சிரிக்க ஆரம்பித்தார்.